கேட் வாங்கினால் நாய் இலவசம்

பதினோரு வருடமாக நான் ஊரார் பிள்ளைகளின் நெஞ்சில் முயல் வரைந்துகொண்டிருக்கிறேன். கண்ணாடி போட்ட முயல், சைக்கிள் ஓட்டும் முயல், குடை பிடித்த முயல், ஒரு வேலையும் செய்யாமல் சும்மா பல்லைக் காட்டும் முயல். ஒரு வயதிலிருந்து ஏழு வயது வரைக்குமான சட்டை, கவுன், பனியன், ஜட்டி எல்லாவற்றிலும் அது உட்கார்ந்திருக்கிறது. எந்த வீட்டு விசேஷத்துக்குப் போனாலும் எதிரே ஓடிவரும் ஏதோ ஒரு குழந்தையின் வயிற்றிலிருந்து என்னை முறைக்கும். நானும் முறைப்பேன். எங்களுக்குள் பேச்சுவார்த்தை நின்று ரொம்ப நாளாகிறது.

கொஞ்ச நாளாக அந்த முயல் விற்காமல் போனது என் தப்பு மட்டுமில்லை என்று வாதாட என்னிடம் ஆயிரம் காரணங்கள் இருந்தன. கேட்கத்தான் ஆள் இல்லை. புதிதாக வந்திருந்த டிசைன் தலைவி அதற்கு முன்னால் சென்ட் கம்பெனியில் இருந்தவர். எதைக் காட்டினாலும் "இதோட மூட்போர்டு எங்க?" என்பார். மூட்போர்டு என்றால் ஒரு பெரிய அட்டை. அதில் காய்ந்த இலை, துணித் துண்டு, யாரோ ஒருவருடைய பழைய ஜன்னல் போட்டோ என்று கையில் கிடைத்ததையெல்லாம் ஒட்டி வைத்தால், பார்ப்பவர் மனதில் ஒரு உணர்வு வரவேண்டும். எனக்கு வந்தது கொட்டாவி. வந்த ஒரே மாதத்தில் ஆபீஸ் முழுக்க அவர் பெயரே மூட்போர்டு ஆகிவிட்டது.

ஒருநாள் என்னை அறைக்குள் கூப்பிட்டு, என் முயல்கள் எல்லாவற்றையும் மேஜையில் பரப்பி வைத்துக்கொண்டு பேசினார்.

"உங்க முயலுக்கு எல்லாம் இருக்கு. காது இருக்கு, மீசை இருக்கு, வால் இருக்கு. உள்ளதான் யாரும் இல்ல."

எனக்குச் சுள்ளென்று கோபம் வந்தது. உண்மையைச் சொன்னால் எனக்கு எப்போதுமே அப்படித்தான் வரும்.

"ஒரு வாரம் எங்கயாவது போய்ட்டு வாங்க," என்றார். "கம்பெனி செலவு. கண்ணைத் திறந்து வெச்சுக்கிட்டு சுத்துங்க. வரும்போது புதுசா ஏதாவது கொண்டு வாங்க."

"கொண்டு வரலன்னா?"

"ரெடிமேடா படம் விக்கிறாங்க, வாங்கிப் போட்டுக்கலாம். உங்களுக்கு லேபிள் செக்‌ஷன்ல ஒரு சீட் காலியா இருக்கு."

சட்டைக்கு உள்பக்கம், விலாவில் அரித்துக்கொண்டே இருக்குமே ஒரு வெள்ளைச் சீட்டு, அதைத் தயாரிக்கும் இடம்தான் லேபிள் செக்‌ஷன். ஒரு பக்கெட், ஒரு இஸ்திரிப் பெட்டி, ஒரு முக்கோணம், முக்கோணத்தின் மேல் ஒரு பெருக்கல் குறி. வாங்கிய அன்றைக்கே அம்மாக்கள் கத்தரியால் வெட்டி எறியும் சீட்டு அது. நான் சமைத்தால் அடிப்பிடிக்கும், வண்டி ஓட்டினால் சுவர் தேடி வந்து இடிக்கும். வரைவது ஒன்றுதான் எனக்கு உருப்படியாகத் தெரிந்த காரியம். அதையும் பிடுங்கிக்கொண்டு முக்கோணம் போடச் சொன்னால் நான் என்ன ஆவேன் என்று நிஜமாகவே பயந்தேன்.

வீட்டில் சொன்னதும் அக்கா பெட்டியை இறக்கிவிட்டாள், அவளுடைய பெட்டியை. நான் இருப்பது அக்கா வீட்டில். மூன்றாவது மாடி, இரண்டு அறை, அக்கா, அத்தான், அவர்களுடைய நாலு வயது வாண்டு, நான். அக்காவுக்கு பாத்ரூம் டைல்ஸ் விற்கிற கடையில் வேலை.

"நீ எதுக்குக்கா வர்ற?"

"கம்பெனி ரூம் போடுதுல்ல? ரூம்ல ரெண்டு கட்டில் இருக்கும். ஒண்ணு சும்மாதானே கெடக்கும்?"

வாண்டை நான் பார்த்துக்கொள்கிறேன், நீங்கள் நிம்மதியாகப் போய்விட்டு வாருங்கள் என்று அத்தான் சொன்ன வேகத்தைப் பார்த்து அக்காவுக்கே சந்தேகம் வந்தது. ஆனாலும் கிளம்பிவிட்டாள்.

கலைக்குப் பேர்போன ஊர் என்று எல்லோரும் சொல்லும் ஒரு ஊருக்குத்தான் போனோம். முதல் இரண்டு நாட்கள் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு தேடினேன். ஓவியக் கூடங்களில் ஒரு சட்டம் விடாமல் நின்று பார்த்தேன். அக்கா சுவர்ப்பக்கமே திரும்பவில்லை. குனிந்து தரையைத் தட்டிப் பார்த்தாள்.

"தரை நல்ல வேலைடி. ஜாயின்ட்டே தெரியல. சுவத்துலதான் என்னத்தையோ மாட்டி வெச்சிருக்காங்க."

"மெதுவாப் பேசுக்கா, காவலுக்கு நிக்கிறவர் பார்க்கிறார்."

"பார்க்கட்டும். அவரும் ரொம்ப நேரமா தரையைத்தான் பார்த்துக்கிட்டு நிக்கிறாரு."

மூன்றாம் நாள் நீலக் கதவுக்குப் போனோம். பழைய சந்து ஒன்றில் பெயின்ட் உரிந்துபோன ஒரு நீலக் கதவு. அதைப் பார்க்காமல் ஊர் திரும்பினால் பாவம் என்று மூட்போர்டு சொல்லியனுப்பியிருந்தார். போய்ப் பார்த்தால் கதவுக்கு வரிசை நிற்கிறது. ஆளாளுக்குப் போனைத் தூக்கி ஒரு படம், நகர்ந்தால் அடுத்த ஆள், இன்னொரு படம். எனக்கு முன்னால் நின்ற பெண் ரொம்பக் களைத்துப் போயிருந்தாள். என்ன வேலை பார்க்கிறீர்கள் என்று சும்மா கேட்டேன்.

"குழந்தைங்க துணிக்குப் படம் வரையறேன். இன்ஸ்பிரேஷனுக்காக அனுப்பியிருக்காங்க. நீங்க?"

"டைல்ஸ் விக்கிறேன்," என்றேன். எனக்குப் பின்னால் நின்ற நிஜ டைல்ஸ்காரி என் முதுகில் கிள்ளினாள்.

அந்தப் பெண் இதுவரை வரைந்தது என்ன என்று நான் கேட்கவேயில்லை. நரியாக இருக்கும், இல்லாவிட்டால் யானையாக இருக்கும். இந்தக் கதவு அடுத்த சீசனில் அவளுடைய நரிக்குப் பின்னாலும் நிற்கும், என் முயலுக்குப் பின்னாலும் நிற்கும். எனக்கு அழுகை வருகிற மாதிரி இருந்தது. வரிசையை விட்டு விலகி நடந்தேன், அக்கா செருப்பைத் தேய்த்துக்கொண்டு பின்னாலேயே வந்தாள்.

வந்தவள் அடுத்த காரியமாகத் தப்பான பஸ்ஸில் ஏற்றினாள். அவளுக்கு உட்கார இடம் கிடைத்த பஸ் எதுவோ அதுதான் சரியான பஸ். அது ஊரைத் தாண்டி, கடைசி நிறுத்தத்தில் எங்களை இறக்கிவிட்டு என்ஜினை அணைத்தது. திரும்பிப் போக ஒரு மணி நேரம் ஆகும் என்றார் டிரைவர். ஓவியமும் இல்லை, சிற்பமும் இல்லை. ஒன்றுபோல வீடுகள், மதிலுக்கு மேலே காயும் துணிகள், வெயில். நாங்கள் சும்மா நடந்தோம்.

முதல் வீட்டு கேட்டில் ஒரு தகரப் பலகை தொங்கியது. 'நாய் ஜாக்கிரதை' என்று எழுதி, பக்கத்தில் ஒரு நாய். நாய் என்று எழுதியிருந்ததால்தான் நாய் என்று தெரிந்தது. தலையில் பாதிக்கு மேல் வாய். வாய் நிறையப் பல், மனிதப் பல், அதுவும் வரிசை தப்பாமல். கண்கள் இரண்டும் ஒரே பக்கத்தில் இருந்தன. உடம்பு போகப் போக ஏதோ அவசர வேலையாக வரைந்தவர் எழுந்து போய்விட்டது போல் மங்கிக்கொண்டே போய், கடைசியில் ஐந்து கால்களில் முடிந்திருந்தது.

அக்கா ஒரு நொடி பார்த்தாள். அப்புறம் நடைபாதையில் உட்கார்ந்துவிட்டாள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் நீர் வழிய, சத்தமே வராமல் குலுங்கினாள்.

அடுத்த வீட்டில் இன்னொரு நாய், இன்னும் பெரிய வாய். அதற்கடுத்த வீட்டில் காலே இல்லை, வாய் மட்டும் மிதந்துகொண்டிருந்தது. தெரு முழுக்க அதே கை. எனக்குச் சிரிப்பு வரவில்லை. பொறாமையாக இருந்தது. அந்த நாய்க்கு ஒழுங்காக நிற்கத் தெரியவில்லை, ஆனால் உள்ளே ஆள் இருந்தது. எவனோ ஒருவன் தகர டப்பாவில் பெயின்டைத் தொட்டு, என்னால் பதினோரு வருடத்தில் ஒருமுறைகூட முடியாததைத் தெரு முழுக்கச் செய்து வைத்திருந்தான்.

அப்போதுதான் ஒரு கேட்டுக்கு அடியிலிருந்து கோழி ஒன்று வெளியே வந்தது.

இதைச் சொல்லித்தான் ஆகவேண்டும். எனக்குக் கோழி என்றால் பயம். ஆறு வயதில் குஞ்சுகளோடு நின்ற ஒரு கோழியிடம் பாசத்தோடு போனேன், அது இரண்டு தெரு தள்ளி வரைக்கும் என்னை விரட்டி விரட்டிக் கொத்தியது. அன்றைக்கு அக்காவும் பின்னாலேயே ஓடி வந்தாள், காப்பாற்ற அல்ல, வேடிக்கை பார்க்க. இந்த வயதிலும் கோழியைக் கண்டால் எனக்குக் கையும் ஓடாது காலும் ஓடாது. அன்று கால் மட்டும் ஓடியது. எதிரே திறந்திருந்த ஒரு பட்டறைக்குள் புகுந்து, இரும்புக் குழாய்களுக்குப் பின்னால் நின்றுகொண்டேன்.

வெல்டிங் முகமூடியைத் தூக்கிக்கொண்டு ஒருவர் எட்டிப் பார்த்தார். பெரிய மீசை, அதைவிடப் பெரிய தோரணை.

"யாரும்மா? என்ன வேணும்?"

"கோழி," என்றேன்.

"இங்க கேட்தான் கிடைக்கும்."

சுற்றிலும் அரைகுறை கேட்டுகள். ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் காய வைத்த ஒரு நாய். கோழியை விரட்டிவிட்டு உள்ளே வந்த அக்கா பலகைகளைப் பார்த்ததும் வாயைக் கையால் பொத்திக்கொண்டாள்.

"இந்த நாயெல்லாம் நீங்க வரைஞ்சதா?" என்று கேட்டேன்.

"ஏன், பயந்துட்டீங்களா?" அவர் ஆசையாகக் கேட்டார். அக்காவின் சிரிப்பு வழியில் இருமலாக மாறியது.

"ரொம்ப," என்றேன்.

பட்டறைக்காரருக்கு முகம் மலர்ந்துவிட்டது. "இந்தத் தெருவுல எந்த வீட்டுலயும் நாய் கிடையாதுங்க. கேட் வாங்குனா நாய் ஃப்ரீ, அவ்வளவுதான். ஆனா ஒரு திருட்டு நடந்திருக்கா? கேட்டுப் பாருங்க."

"நாயைப் பார்த்து வரைவீங்களா, மனசுல இருந்தா?"

"பாக்குறதா? நாயைக் கண்டா நான் நிப்பனா? சின்ன வயசுலேர்ந்து என்னைத்தான் துரத்துதுங்க. ஓடுறப்போ திரும்பித் திரும்பிப் பார்ப்போம்ல, அப்போ பார்த்ததுதான்."

"அதான் வாய் மட்டும் இவ்வளவு நல்லா வந்திருக்கு."

"பின்ன? காலை எங்க நின்னு எண்ணுறது?"

சட்டைக்கு இந்த நாயை எடுத்துக்கொள்ளட்டுமா, அதற்குண்டான காசைக் கம்பெனி தந்துவிடும் என்றேன். அவர் முகமூடியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு யோசித்தார்.

"சின்னப் புள்ளைங்க சட்டைலயா? நல்ல யோசனைதான். தெருவுல போறப்ப ஒரு நாயும் கிட்ட வராது." அப்புறம் விரலை நீட்டினார். "ஆனா ஒரு முடியைக்கூட மாத்தக் கூடாது. அழகுபடுத்துறேன்னு கெடுத்துடாதீங்க."

சத்தியம் செய்தேன். அக்காவுக்கோ ஒரு பலகை உடனே வேண்டும். என்ன விலை என்றாள். தனியாக விற்பதில்லை, கேட் வாங்கினால்தான் நாய் என்று அவர் கறாராகச் சொல்லிவிட்டார். அக்கா பத்து நிமிடம் பேரம் பேசினாள், கெஞ்சினாள், பாத்ரூம் டைல்ஸில் தள்ளுபடி தருகிறேன் என்றுகூடச் சொன்னாள். கடைசியில் ஒரு கேட்டுக்கு ஆர்டர் கொடுத்துவிட்டாள்.

"மூணாவது மாடியில கேட்டை எங்கக்கா மாட்டுவ?"

"எங்கயோ மாட்டுறேன். உனக்கென்னடி?"

ஊர் திரும்பியதும் போனில் எடுத்து வந்த நாய்ப் பலகையின் போட்டோவை மூட்போர்டிடம் காட்டினேன். வரைந்தவர் கேட் செய்கிறவர் என்பதையும் சொன்னேன். அவர் போனைத் தலைகீழாகக்கூடப் பிடித்துப் பார்த்தார்.

"கண்டுபிடிச்சது நீங்க, வரைஞ்சது வேற ஆளு," என்றார். "பரவால்ல. வாங்குறவங்க மீட்டிங்ல இது ஜெயிச்சா உங்க சீட்டைப் பத்திப் பேசலாம்."

துணியில் அச்சடிக்க போட்டோ போதாது, கோடாக வரைந்து கொடுக்கவேண்டும். உட்கார்ந்தேன். கை கேட்கவில்லை. ஐந்தாவது காலைப் போட்டால் நான்காவது தானாக ஒதுங்கி இடம் விடுகிறது. கண்கள் பக்கத்துக்கு ஒன்றாக ஒழுங்காகப் போய் உட்கார்ந்துகொள்கின்றன. இடது கையால் வரைந்தேன், கண்ணை மூடிக்கொண்டு வரைந்தேன். நன்றாக வரையத் தெரிந்த ஒருத்தி வேஷம் போடுகிற மாதிரிதான் வந்தது. கடைசியில் உள்ளே விளக்கு எரியும் வெளிச்சப் பெட்டியின் மேல் போட்டோவை வைத்து, மேலே தாளைப் போட்டு, எழுத்துப் பழகும் பிள்ளை மாதிரி பட்டறைக்காரர் கோட்டின் மேலேயே கோடு இழுத்து முடித்தேன்.

அதைக் கொண்டுபோய் நேர்கோட்டிடம் கொடுத்தேன். அச்சுப் பிரிவில் கலர் பிரிப்பவருக்கு நாங்கள் வைத்த பெயர் நேர்கோடு. ஒரு படத்தில் நாலு கலர் இருந்தால் நாலையும் தனித்தனி ஃபிலிமாகப் பிரித்துக் கொடுக்கவேண்டும், அதுதான் வேலை. வளைந்த கோட்டைப் பார்த்தால் மனுஷனுக்குச் சாப்பாடு இறங்காது. சுவரில் தொங்கும் காலண்டர் சாய்ந்திருந்தால் பேசிக்கொண்டிருப்பதைப் பாதியில் விட்டுவிட்டுப் போய் நேராக்குவார். அது எனக்கு நன்றாகத் தெரியும். தெரிந்தும் நான் அவரிடம் ஒரு வார்த்தை சொல்லி வைக்கவில்லை.

மீட்டிங் அன்று காலையில் அச்சடித்த சட்டையோடு சாம்பிள் பை வந்தது. பிரித்தேன். உள்ளே ஒரு அருமையான நாய் இருந்தது. நாலே கால், அளவான வாய், பக்கத்துக்கு ஒரு கண், வெளியே தொங்கும் இளஞ்சிவப்பு நாக்கு. கழுத்தில் ஒரு பட்டைகூட. நேர்கோட்டுக்குப் போன் போட்டேன்.

"என்னங்க பண்ணீங்க?"

"அஞ்சு கால் இருந்துச்சுங்க," என்றார், ரகசியம் பேசுவது போல. "அவசரத்துல வரைஞ்சிட்டீங்கன்னு ஒண்ணை எடுத்துட்டேன். பல்லும் ஜாஸ்தி. பெரிய மீட்டிங், உங்களுக்குக் கெட்ட பேரு வந்துடக் கூடாதுல்ல. ஷிஃப்ட் முடிஞ்சும் உக்காந்து பண்ணேன்."

இந்த மனுஷனை நான் எப்படித் திட்டுவேன்? "தேங்க்ஸ்ங்க," என்று சொல்லிவிட்டு, அடுத்த நொடி அக்காவைக் கூப்பிட்டேன்.

"உன் கேட் வந்துடுச்சா?"

"நேத்தே வந்துடுச்சு. ஹால்ல நிக்குது. உங்க அத்தான் பாத்ரூம் போறதுக்கே அதைத் திறந்துட்டுதான் போறாரு."

"பலகையைக் கழட்டிக்கிட்டு உடனே ஆபீசுக்கு வா. கேள்வி கேக்காத."

எங்கள் கம்பெனியில் ஒரு பழக்கம் உண்டு. கடைகளுக்கு மொத்தமாக வாங்குகிறவர்கள் வரும்போது, ஆபீஸ்காரர்களின் பிள்ளைகளை அறைக்குள் விட்டுவிடுவோம். நடுவில் சாம்பிள் துணிகளின் குவியல். பிள்ளைகள் இஷ்டத்துக்கு எடுத்துப் போட்டுக்கொள்ளலாம். கடைசியில் வீட்டுக்குக் கிளம்பச் சொல்லும்போது எதைக் கழற்றமாட்டேன் என்று அடம்பிடிக்கிறார்களோ, அதற்குத்தான் ஆர்டர். மூட்போர்டுக்கு இந்தக் கூத்து பிடிக்காது, ஆனால் வாங்குகிறவர்களுக்குப் பிடிக்கும்.

காலையில் நான் வாண்டையும் கூட்டி வந்திருந்தேன். அவன் திருத்திய நாயைப் போட்டான், அதிலேயே மூக்கைத் துடைத்தான், கழற்றி எறிந்தான். ஒரு சிறுமி அதை எடுத்துப் பார்த்துவிட்டு "நல்லா இருக்கு" என்று பெரிய மனுஷி மாதிரி சொல்லி, படமே இல்லாத ஒரு மஞ்சள் சட்டையை மாட்டிக்கொண்டாள். வாங்க வந்தவர்களில் மூத்தவர் கடிகாரத்தைப் பார்த்தார். மூட்போர்டு என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையில் பக்கெட், இஸ்திரிப் பெட்டி, முக்கோணம் மூன்றும் எனக்குத் தெரிந்தன.

கதவு திறந்தது. வியர்த்து ஒழுக, பெட்ஷீட்டில் சுற்றிய பலகையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு அக்கா வந்தாள். வணக்கம்கூடச் சொல்லவில்லை. பலகையை ஒரு நாற்காலியில் நிற்க வைத்து பெட்ஷீட்டை உருவினாள்.

பெரியவர்கள் எல்லோரும் ஒரே நேரத்தில் வெடித்துச் சிரித்தார்கள். கடிகாரம் பார்த்தவர் மேஜையைத் தட்டித் தட்டிச் சிரித்தார். ஆனால் பிள்ளைகள் பக்கத்திலிருந்து சத்தமே இல்லை. திரும்பிப் பார்த்தேன். எல்லாம் போட்டது போட்டபடி நின்றிருந்தன. ஊசி போட வந்த டாக்டரின் கையையே கடித்து வைத்த எங்கள் வாண்டு, மெல்லப் பின்வாங்கி என் காலுக்குப் பின்னால் வந்து ஒளிந்துகொண்டான்.

"சித்தி... அது கடிக்குமா?"

அவன் விரல்கள் என் முழங்காலை இறுகப் பிடித்திருந்தன. அந்த நாயை வரைந்தவர் நினைத்தபடியே பார்த்த முதல் ஆள் அவன்தான்.

அப்புறம் மஞ்சள் சட்டைச் சிறுமி ஒவ்வொரு அடியாக வைத்துக் கிட்டே போனாள். ஒரு பல்லைத் தொட்டாள். வீலென்று கத்திக்கொண்டு திரும்பி ஓடி வந்தாள். உடனே எல்லாப் பிள்ளைகளுக்கும் தொடவேண்டும், கத்தவேண்டும், ஓடவேண்டும். அறை இரண்டாகிவிட்டது. கிளம்பும்போது வாண்டு அந்த நாய் தன் சட்டையில்தான் இருக்கவேண்டும் என்று தரையில் புரண்டான்.

"எதுக்குடா?" என்று அக்கா கேட்டாள்.

"அப்போ நான் கடிப்பேன்."

மூத்தவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "இது வேணும்," என்றார். "இதே கையில இன்னும் அஞ்சு மிருகம் வேணும்."

மூட்போர்டு எதிரிலேயே நான் பட்டறைக்காரருக்குப் போன் செய்தேன்.

"பூனை வரைவீங்களா?"

"பூனையைப் பார்த்து எவன் ஓடுவான்?"

"மாடு?"

"மாடு பாவம்ங்க. எனக்கு நாய் ஒண்ணுதான் வரும்." கொஞ்சம் தயங்கினார். "புள்ளைங்க என்ன சொல்லுச்சு?"

"ஒருத்தன் பயந்து போய் என் காலுக்குப் பின்னாடி ஒளிஞ்சுக்கிட்டான்."

"நெஜமாவா?" என்றார். குரலில் பழைய தோரணை இல்லை. "பெரியவங்க யாரு பார்த்தாலும் சிரிக்கத்தான் செய்யிறாங்க. எனக்குத் தெரியாமலா இருக்கும்? உங்கக்காகூட அன்னிக்கு ரொம்ப நேரம் இருமுனாங்க. என் சைசுல ஒரு சட்டை போட்டுத் தருவீங்களா?"

தருகிறேன் என்றேன். போனை வைத்ததும் மூட்போர்டு கேட்டார்.

"மீதி அஞ்சு?"

"நான் வரையறேன்."

"திங்கக்கிழமைக்குள்ள ஒண்ணாவது காட்டுங்க. முயல் மட்டும் வேணாம்."

நாலு நாள் வரைந்தேன். பூனை வரைந்தேன், காதை வெட்டிய முயல் மாதிரி இருந்தது. மாடு வரைந்தேன், கொம்பு வைத்த முயல். புலிக்குக் கோடு போட்டதும் அது ஜெயிலுக்குப் போன முயல் ஆகிவிட்டது. தாள்களைக் கசக்கி எறிந்துகொண்டே இருந்தேன், அத்தான் கூடையைக் காலி செய்துகொண்டே இருந்தார். இனி முக்கோணம்தான் என்று முடிவே கட்டிவிட்டேன்.

சனிக்கிழமை சாயங்காலம், "பால்கனியில காயுற துணியை எடுத்துட்டு வா," என்றாள் அக்கா. போனேன். பின்னால் டங்கென்று இரும்புச் சத்தம். அத்தான் ஒருவழியாக அந்த கேட்டைப் பால்கனி வாசலில் பொருத்தி முடித்திருந்தார். தாழ்ப்பாள் உள்பக்கம், அதாவது அக்கா பக்கம்.

"கேட்டை எங்க மாட்டுவேன்னு கேட்டியேடி," என்றாள் கம்பிக்கு அந்தப் பக்கத்திலிருந்து.

மூலையில் ஏதோ சிலிர்த்தது. கீழ்வீட்டுக்காரர் செல்லமாக வளர்க்கும் கோழி.

"அக்கா! திற! செத்துடுவேன்!"

"சாக மாட்ட. நல்லாப் பாரு."

பக்கெட்டைக் கவிழ்த்து அதன் மேல் ஏறிக்கொண்டேன். எனக்குத் தெரிந்த கெட்ட வார்த்தைகள் அத்தனையும் சொன்னேன், அத்தான் வாண்டின் காதைப் பொத்தினார். கோழி அவசரப்படவில்லை. தலையை ஒருபக்கமாகச் சாய்த்து, ஒரே ஒரு கண்ணால் என்னைப் பார்த்தது. ஒரு அடி வைத்தது. நின்றது. மறுபடி பார்த்தது. மூன்று நிமிடமோ முப்பது நிமிடமோ, தெரியாது. அக்கா தாழ்ப்பாளைத் திறந்ததும் அவளை இடித்துத் தள்ளிக்கொண்டு உள்ளே பாய்ந்து, நேராக மேஜைக்குப் போய், கை நடுங்க நடுங்க வரைந்தேன். என் கைக்கு எதையும் திருத்த நேரமில்லை. பாதித் தாளுக்கு ஒரு கண். அடியில் இரண்டு பாதங்கள், நகம் நகமாக. நடுவில் உடம்பு எப்படி இருந்தது என்று எனக்குத் தெரியாது, நான் பார்க்கவில்லை.

அப்புறம்தான் அக்காவைத் திட்டி முடித்தேன். அவள் அதற்குள் கோழியைத் திருப்பிக் கொடுக்கக் கீழே போயிருந்தாள்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை ஷிஃப்டில் இருந்த நேர்கோட்டுக்கு அதைக் கொடுத்தனுப்பினேன். அனுப்பி ஒரு மணி நேரம் கழித்துத்தான், 'எதையும் தொடாதீர்கள்' என்று எழுத மறந்துவிட்டது நினைவுக்கு வந்தது. போன் போட்டேன், எடுக்கவில்லை. அன்றைக்கு எனக்குத் தூக்கம் வரவில்லை.

திங்கட்கிழமை சாம்பிள் பை என் மேஜையில் இருந்தது. மூட்போர்டு வருவதற்குள் பிரித்துவிடவேண்டும் என்று பிரித்தேன். அந்தக் கண் என்னைப் பார்த்தது. சாய்வு அப்படியே, நடுக்கம் அப்படியே, ஒரு நகம்கூடக் குறையவில்லை. என்னையறியாமல் நாற்காலியோடு பின்னுக்கு நகர்ந்தேன். உடனே நேர்கோட்டைக் கூப்பிட்டேன்.

"இதுல எதையும் சரி பண்ணலியா?"

"பண்ணலாம்னுதாங்க உக்காந்தேன்," என்றார். அப்புறம் குரலைத் தாழ்த்திக்கொண்டார். "அது என்னையே பார்த்துக்கிட்டு இருந்துச்சு. கிட்ட போக ஒரு மாதிரியா இருந்துச்சுங்க. அப்படியே விட்டுட்டு வந்துட்டேன்."

போனை வைத்துவிட்டு, என் நாற்காலியில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்துகொண்டேன்.